ஏழு வயதின் வியர்வைக்குக் கோழி பொறுப்பல்ல

“கோழிய நிறுத்து. எல்லாம் சரியாப்போயிரும்.”

இந்தத் தீர்ப்பு வழங்கப்பட்ட இடம் போடிநாயக்கனூரில் ஏலக்காய் தரம் பிரிக்கும் ஒரு கூடம். பத்துப் பதினைந்து பெண்கள் சம்மணம் போட்டு உட்கார்ந்து, முறத்தில் காயைத் தள்ளித் தள்ளி, வெடித்ததை ஒரு பக்கமும் வெளுத்ததை ஒரு பக்கமும் ஒதுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி என் நாத்தனார் மகள். விரல்கள் நிற்கவில்லை, குரலை மட்டும் தணித்துக்கொண்டாள். “அத்தை, புள்ளைக்கு ஏழு வயசுதான் ஆகுது. சாயங்காலம் பள்ளிக்கூடத்துச் சட்டையக் கழட்டினா பெரிய பொம்பள வேர்வ வாடை அடிக்குது. அக்குள்ல நாலஞ்சு முடி வேற.”

நான் வாய் திறப்பதற்குள் பக்கத்து முறம் பேசிவிட்டது. “வாராவாரம் பிராய்லர் போடுறீல்ல? ஊசி போட்டு வளக்குற கோழி. நாலாப்பு முடிக்கிறதுக்குள்ள சமைஞ்சிருவா, பாத்துக்க.” கூடமே தலையாட்டியது. கணக்குப்பிள்ளையும் தலையாட்டினார்.

முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் உயிரியல் நடத்திவிட்டு ஓய்வுபெற்றவள் நான். இந்தத் தீர்ப்பைக் கூடத்தில் மட்டுமா கேட்கிறேன்? விடிகாலை ஐந்தரைக்குப் போடிமெட்டு ஏறும் தோட்ட ஜீப்பில், சடங்கு வீட்டுப் பந்தியில், படித்தவர்களின் வாட்ஸ்அப்பில், எங்கும் இதே பேச்சுதான். எதிர்த்து ஒரு குரல் எழுந்து நான் பார்த்ததில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

எதிர்ப்பதற்கு முன், அவர்கள் தரப்பை அதன் முழுப் பலத்தோடு சொல்லிவிடுவது நியாயம். இன்றைய பெண்பிள்ளைகள் பாட்டிமாரைவிடச் சீக்கிரம் வயதுக்கு வருகிறார்கள், உண்மை. நாட்டுக்கோழி ஆறு மாதத்தில் எட்டாத எடையைக் கறிக்கோழி ஆறு வாரத்தில் எட்டுகிறது, கண்ணால் கண்டது. கோழிக்கு ஹார்மோன் கொடுத்த காலமும் ஒன்று இருந்தது: அமெரிக்காவில் டைஎத்தில்ஸ்டில்பெஸ்ட்ரால் என்ற செயற்கை ஈஸ்ட்ரோஜனை வில்லையாக்கிச் சேவலின் கழுத்துத் தோலுக்கடியில் வைத்தார்கள். 1959இல் கோழிக்கு அது நிறுத்தப்பட்டது. ஆக இந்த நம்பிக்கை வெறும் புரளியில் முளைத்ததல்ல. மூன்று உண்மைகளைக் கொண்டு கட்டிய வீடு. மூன்றையும் பிணைக்கும் சாந்து மட்டும்தான் பொய்.

1. முதலில், நடந்திருப்பது என்ன என்றே இவர்களுக்குத் தெரியவில்லை. அந்தக் குழந்தை வயதுக்கு வரத் தொடங்கவில்லை.

வயதுக்கு வருவது மூளையில் தொடங்கும் வேலை. ஹைப்போதலாமஸ் தட்டி எழுப்ப, பிட்யூட்டரி எல்.எச்., எஃப்.எஸ்.எச். என்ற இரண்டு ஹார்மோன்களை அனுப்ப, சினைப்பை விழித்து ஈஸ்ட்ரோஜன் சுரக்கிறது. அதன் முதல் அடையாளம் மார்பு அரும்புவது. அதற்கும் இரண்டு, இரண்டரை வருஷம் கழித்துத்தான் மாதவிலக்கு.

அக்குள் வாடை, அங்கங்கே முடி, நெற்றியில் எண்ணெய்ப்பசை, ஒன்றிரண்டு பரு: இவை வேறு வாசல் வழியாக வருபவை. ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலையிலும் தொப்பி மாதிரி ஓர் அட்ரினல் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதன் புறணியில் மூன்று அடுக்குகள். வெளியடுக்கு உப்பைக் காக்கும் ஆல்டோஸ்டிரோனைச் சுரக்கிறது. நடு அடுக்கு கார்டிசாலைச் சுரக்கிறது. உள்ளடுக்கு, வலைப்பின்னலாக இருப்பது, டி.எச்.ஈ.ஏ. என்ற மெலிந்த ஆண்ட்ரோஜனையும் அதன் சல்ஃபேட்டையும் சுரக்கிறது. தோலுக்குப் போய்ச் சேர்ந்தபின் அது வீரியமான ஆண்ட்ரோஜனாக மாறி முடியையும் வியர்வையையும் கிளப்புகிறது. ஆண்ட்ரோஜன் என்றால் ஆண்பிள்ளைச் சரக்கு என்று நினைக்க வேண்டாம். பெண்ணுடம்பில் அக்குளில் முளைக்கும் முடிக்குப் பெரும்பங்கு காரணம் இந்தத் தொப்பிதான்.

பிறக்கும்போது இந்தச் சுரப்பி அசுரத்தனமாக இருக்கும். கருவில் அதற்கென்றே ஒரு தனிப்பகுதி உண்டு, அது டி.எச்.ஈ.ஏ. சல்ஃபேட்டைக் கொட்டிக்கொடுக்க, தாயின் நச்சுக்கொடி அதை ஈஸ்ட்ரோஜனாக்கிக்கொள்கிறது. குழந்தை பிறந்ததும் அந்தப் பகுதி சுருங்கி மறைகிறது. பிறகு சில வருஷம் அமைதி. மூன்று வயதுவாக்கில் உள்ளடுக்கு திட்டுத்திட்டாகத் தலைகாட்டும். ஆறிலிருந்து எட்டு வயதுக்குள் திட்டுகள் சேர்ந்து முழு அடுக்காகி வேலையைத் தொடங்கும். 100 மில்லி இரத்தத்தில் டி.எச்.ஈ.ஏ. சல்ஃபேட் 40 மைக்ரோகிராமைத் தாண்டினால் தொடங்கிவிட்டது என்று கணக்கு. ஃபுல்லர் ஆல்பிரைட் என்ற அமெரிக்க மருத்துவர் 1940களிலேயே இதற்கு அட்ரினார்க்கி என்று பெயர் வைத்துவிட்டார். பிராய்லர் கடைகள் தெருத்தெருவாக வருவதற்கு வெகுகாலம் முன்பு.

இரண்டு வாசலும் ஒரே சாவியில் திறப்பதாக இருந்துவிடக் கூடாதா என்று கேட்கலாம். திறக்கவில்லை என்பதை உடம்பே காட்டிக்கொடுத்திருக்கிறது. டர்னர் குறைபாட்டோடு பிறந்த பெண்களுக்குச் சினைப்பை வேலை செய்வதில்லை. ஆனாலும் அட்ரினார்க்கி உரிய வயதில் வந்துவிடுகிறது. பிட்யூட்டரியிலிருந்து எல்.எச். வராத பிள்ளைகளுக்கும் அப்படியே. மறுபக்கம், நான்கைந்து வயதில் உண்மையாகவே மூளை விழித்து மார்பு வளர்ந்துவிட்ட குழந்தைகளிடம் அட்ரினல் தன் வயதுக்கேற்றபடி உறங்கிக்கொண்டிருக்கிறது. அட்ரினல் அழிந்துபோன அடிசன் நோயில் பெண்ணுக்கு மார்பு வளரும், மாதவிலக்கு வரும். அக்குள் மட்டும் ஏறக்குறைய வெறுமையாக இருக்கும். 1980இல் ஸ்க்லார், காப்லான், கிரம்பாக் மூவரும் இப்படிப்பட்ட பிள்ளைகளை வரிசையாக ஆராய்ந்து, இரண்டும் தனித்தனி நிகழ்ச்சிகள் என்று எழுதினார்கள்.

ஆகவே நான்கு முடியைப் பார்த்துவிட்டுத் தாய்மாமனுக்குச் சீர்த்தட்டு வாங்கச் சொல்லி அனுப்ப வேண்டாம்.

2. குற்றவாளியின் கைரேகையே பொருந்தவில்லை.

கோழிக்குள் என்ன ஹார்மோன் இருப்பதாகச் சொல்கிறீர்கள்? கேட்டுப் பாருங்கள், பதில் வராது. “ஹார்மோன்” என்று மட்டும் வரும். ஈஸ்ட்ரோஜன் என்றால், அது மார்பை வளர்க்கும். அக்குளில் முடி முளைக்க வைக்காது. கோழியைத் திட்டுபவர் முடியைக் காட்டித் திட்டுவது, பாம்பு கடித்த காலைக் காட்டித் தேள்மீது வழக்குப் போடுவது மாதிரி.

வளர்ச்சி ஹார்மோன் என்றால் கதை இன்னும் மோசம். அது புரதம். வாய்வழி போன புரதத்தை வயிறும் குடலும் துண்டு துண்டாக்கிவிடும். அதனால்தானே போடியில் சர்க்கரை நோயாளிகள் இன்சுலினைக் குடிக்காமல் குத்திக்கொள்கிறார்கள்? மிச்சம் மீதி தப்பிப் போனாலும் பயனில்லை. கோழியின் வளர்ச்சி ஹார்மோனை மனித உடம்பு அடையாளம் கண்டுகொள்வதில்லை. மாட்டினுடையதையே கண்டுகொள்வதில்லை.

3. கோழி எப்படித்தான் அத்தனை வேகமாக வளர்கிறது? இந்தக் கேள்விக்குப் போடிக்காரரைவிட நன்றாகப் பதில் தெரிந்தவர் உலகத்தில் இல்லை.

ஞள்ளானி. கட்டப்பனைப் பக்கம் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தன் தோட்டத்தில் நன்றாகக் காய்த்த செடியைக் கண்ணில் வைத்து, பொறுக்கிப் பெருக்கி எடுத்த ஏல ரகம். பழைய ரகங்களைப் பல மடங்கு மிஞ்சிக் காய்த்தது; மலை முழுக்கப் பரவியது. இந்த ஊர்ச் சந்தையையே அது மாற்றிப்போட்டது. அன்றைக்கு யாராவது “செடிக்கு ஊசி போட்டிருக்கான்” என்றார்களா? நல்ல செடியைத் தேர்ந்தெடுத்தால் நல்ல காய் வரும் என்பது ஏலத்தோட்டத்தில் குழந்தைக்கும் தெரியும். அதே அறிவு கோழிக்கூண்டுக்கு முன்னால் போனதும் எங்கே போய்விடுகிறது?

கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் மூன்று காலத்துக் கோழி வம்சங்களை அருகருகே வளர்த்துப் பார்த்தார்கள்: 1957ஆம் வருஷத்திலிருந்து மாறாமல் காப்பாற்றிய வம்சம், 1978இலிருந்து காப்பாற்றிய வம்சம், 2005இன் வணிகக் கோழி. மூன்றுக்கும் ஒரே தீவனம், ஒரே கவனிப்பு. 56ஆம் நாள் எடை போட்டபோது 905 கிராம், 1808 கிராம், 4202 கிராம். 2014இல் வெளிவந்த முடிவு இது. தீவனத்தில் மர்மம் இருந்தால் மூன்றும் ஊதியிருக்க வேண்டுமல்லவா? மாறியது வம்சம் மட்டும்.

“ஊசி போடுறத நான் என் கண்ணால பாத்தேன்” என்பார் ஒருவர். பார்த்திருப்பார். பொரிப்பகத்தில் ஒருநாள் குஞ்சுக்குக் கழுத்தில் போடுவது மேரக்ஸ் நோய்க்கான தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சலுக்குக் கண்ணில் சொட்டு. நம் பிள்ளைகளுக்குப் போடுவதும் அந்த இனத்து ஊசிதான். வளர்ப்புக்கூலியைக் கிலோக்கணக்கில் எண்ணி வாங்கும் பண்ணைக்காரர், ஐயாயிரம் கோழியைப் பிடித்துத் தினம் ஒரு ஹார்மோன் ஊசி குத்திக்கொண்டிருந்தால் அந்தக் கூலி ஊசிக்கே போதாது.

கோழிப்பண்ணைக்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஆன்டிபயாட்டிக். மனிதனுக்குக் கடைசி மருந்தாக வைத்திருந்த கோலிஸ்டினைத் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். 2019 ஜூலையில் மத்திய அரசு அதைத் தடை செய்தது. கூடத்தில் ஒருவர்கூட அதைப் பற்றிப் பேசவில்லை. இல்லாத ஹார்மோனைத் திட்டுகிற சத்தத்தில் இருக்கிற வினை காதில் விழாமல் போகிறது.

4. இப்போது படித்தவர்கள் பக்கம் வருகிறேன். இவர்கள் கோழி என்று சொல்லிக் கேவலப்பட மாட்டார்கள். “ஸ்ட்ரெஸ்” என்பார்கள்.

அவர்கள் வாதம் பார்க்க அழகாக இருக்கும். மன அழுத்தம் வந்தால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். என்ற ஹார்மோனை அனுப்பும். அது அட்ரினலைச் சவுக்கால் அடிக்கும். அட்ரினல் கார்டிசாலோடு ஆண்ட்ரோஜனையும் கொட்டும். ஆகவே பள்ளிக்கூடமும் டியூஷனும் செல்போனும் சேர்ந்து குழந்தைக்கு முடி முளைக்க வைத்துவிட்டன. பழைய பாடப்புத்தகத்தைப் பாதி படித்தவருக்கு இது மறுக்கமுடியாததாகத் தெரியும். நானே ஒரு காலத்தில் இப்படித்தான் நடத்தினேன், ஒப்புக்கொள்கிறேன்.

பாதி சரி. ஏ.சி.டி.எச். இல்லாமல் அட்ரினல் ஆண்ட்ரோஜன் இல்லை. காலையில் கார்டிசால் ஏறும்போது டி.எச்.ஈ.ஏ.வும் கூடவே ஏறுகிறது. டெக்ஸாமெத்தசோன் மாத்திரை கொடுத்து ஏ.சி.டி.எச்.ஐ அடக்கினால் இரண்டும் சேர்ந்தே இறங்குகின்றன. ஏ.சி.டி.எச்.ஐ உணரும் ஏற்பியே பழுதாகப் பிறந்த பிள்ளைகளுக்கு அட்ரினார்க்கி வருவதேயில்லை.

மீதிப் பாதிதான் அவர்கள் படிக்காத பக்கம். ஏ.சி.டி.எச். ஒன்றுதான் எஜமான் என்றால், கார்டிசாலும் ஆண்ட்ரோஜனும் ஆயுள் முழுக்கக் கைகோத்து நடக்க வேண்டும். நடக்கின்றனவா? ஏழு வயதில் டி.எச்.ஈ.ஏ. சல்ஃபேட் மளமளவென்று ஏறுகிறது. கார்டிசால் இருந்த இடத்திலேயே இருக்கிறது, ஏ.சி.டி.எச்.உம் அசையவில்லை. இருபது, இருபத்தைந்து வயதில் டி.எச்.ஈ.ஏ. சல்ஃபேட் உச்சம் தொட்டு, பிறகு வருஷா வருஷம் இறங்கி, எழுபது எண்பதில் பத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று ஆகிவிடுகிறது. கிழவியின் கார்டிசாலோ குறையவில்லை.

எல்லாவற்றையும்விடக் கூர்மையான சாட்சி தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடக்கிறது. பெரிய தீக்காயம், கடுமையான நோய்: உடம்புக்கு இதைவிடப் பெரிய அழுத்தம் உண்டா? அப்போது கார்டிசால் உச்சிக்குப் போகிறது. டி.எச்.ஈ.ஏ. சல்ஃபேட் விழுகிறது. அழுத்தம் ஆண்ட்ரோஜனைக் கூட்டும் என்ற கொள்கை, அழுத்தம் மிக அதிகமாக இருக்கும் இடத்திலேயே தலைகீழாகிவிடுகிறது. டியூஷன் வாத்தியாரை விட்டுவிடுங்கள்.

இந்தப் பிளவைக் கண்ட பார்க்கர், ஓடெல் என்ற இரு ஆய்வாளர்கள் 1979இல், ஏ.சி.டி.எச். போக, ஆண்ட்ரோஜனை மட்டும் தூண்டும் இன்னொரு பிட்யூட்டரி ஹார்மோன் இருந்தாக வேண்டும் என்றார்கள். நியாயமான ஊகம். எத்தனையோ பேரைச் சந்தேகப்பட்டார்கள்: புரோலாக்டின், ஏ.சி.டி.எச்.இன் தாய்ப்புரதத்திலிருந்து பிரியும் துண்டுகள், ஹைப்போதலாமஸின் சி.ஆர்.எச்., இன்சுலின், லெப்டின். ஒருவரும் முழுக் குற்றவாளியாக நிற்கவில்லை. இதில் வேடிக்கை, ஆய்வுக்கூடத்து எலியும் சுண்டெலியும் உதவிக்கு வரவில்லை. அவற்றின் அட்ரினலில் இந்தச் சரக்கே கிடையாது. மனிதருக்கும் சிம்பன்சி போன்ற சில உறவினர்களுக்கும்தான் இந்தக் கொடுப்பினை.

விடை கடைசியில் வெளியிலிருந்து வரும் கட்டளையில் இல்லை, சுரப்பிக்குள்ளேயே இருந்தது என்பதுதான் இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். எங்கள் கூடத்தில் நடப்பதை வைத்தே சொல்லிவிடலாம். மூட்டையைத் தூக்கிச் சல்லடையில் கொட்டும் கை ஒன்றுதான். ஆனால் எட்டு மில்லிமீட்டர்ச் சல்லடை போட்டால் ஒரு தரம் நிற்கும், ஏழு போட்டால் வேறு தரம் நிற்கும். ஏ.சி.டி.எச். கொட்டுகிற கை. சல்லடை என்பது என்சைம்கள். உள்ளடுக்கு வளர வளர அங்கே 3-பீட்டா டீஹைட்ரோஜினேஸ் என்ற என்சைம் குறைகிறது, சைட்டோகுரோம் பி5 கூடுகிறது, சல்ஃபேட் சேர்க்கும் என்சைமும் கூடுகிறது. அவ்வளவுதான்: அதே கொலஸ்டிராலிலிருந்து, அதே கையின் தள்ளலில், கார்டிசாலுக்குப் பதில் டி.எச்.ஈ.ஏ. விழுகிறது. கை வேகம் கூட்டவில்லை. சல்லடை மாறியிருக்கிறது. சல்லடையை யார், ஏன் ஆறு வயதில் மாற்றுகிறார்கள் என்பது இன்னும் திறந்து கிடக்கிற கேள்வி. ஆனால் அதற்கான விடைகளின் பட்டியலில் கோழிக்குழம்பு இல்லை.

5. “அப்ப மேல மருந்தடிக்கிறாங்களே, அது?” இது ஜீப்பில் வந்த கேள்வி, சாந்தம்பாறைப் பக்கம் காயெடுக்கப் போகும் பெண்ணிடமிருந்து. கோழிக் கேள்வியைவிட இதற்கு மரியாதை அதிகம். ஏலத்துக்கு அடிக்கிற அளவு பூச்சிமருந்து வேறு பயிருக்கு அடிப்பது அபூர்வம். அந்த வாடையிலேயே நாளெல்லாம் நிற்பவர்கள் இவர்கள்.

ஆனாலும் இந்தக் குற்றத்தை அதன்மேல் போடமுடியாது. காசர்கோட்டு முந்திரித்தோட்டங்களில் எண்டோசல்ஃபான் தெளித்த பத்ரே கிராமத்தில், அகமதாபாத்தின் தேசியத் தொழில்சார் நலவாழ்வு நிறுவனம் 117 சிறுவர்களைச் சோதித்து 2003இல் வெளியிட்ட ஆய்வு கண்டது எதிர்த்திசையில்: பருவ வளர்ச்சி தாமதப்பட்டிருந்தது, டெஸ்டோஸ்டிரோன் குறைந்திருந்தது. அந்த ஆய்வின் முறையைக் குறை சொன்னவர்களும் உண்டு. ஆனால் விரைவுபடுத்தியதாக அது சொல்லவில்லை. எண்டோசல்ஃபானை 2011 மே மாதம் உச்சநீதிமன்றம் தடை செய்தது. பூச்சிமருந்தின்மேல் போட வேண்டிய வழக்குகள் வேறு எத்தனையோ இருக்கின்றன. அவற்றில் தோற்றுப்போகத்தான் இந்த வழக்கையும் கூடச் சேர்ப்பது உதவும்.

6. பாட்டி காலத்து ஒப்பீடும் நிற்கவில்லை. ஐரோப்பாவில் 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பெண்கள் பதினாறு, பதினேழில் வயதுக்கு வந்தார்கள். அடுத்த நூறு வருஷத்தில் அது பதின்மூன்றுக்கு அருகே இறங்கியது. அந்த இறக்கம் முழுதும் பிராய்லர் தொழில் தலையெடுப்பதற்கு முன்பே நடந்துவிட்டது. வயிறு நிறைந்தது, நோய் குறைந்தது, உடம்பு முந்திக்கொண்டது. இந்த ஊரிலும் கஞ்சி குடித்து மலையேறிய பாட்டிக்கும் ரேஷன் அரிசியும் சத்துணவு முட்டையும் சாப்பிட்ட பேத்திக்கும் இடையில் அதேதான் நடந்திருக்கிறது.

ஒரே ஓர் இடத்தில் அவர்களுக்கு இறங்கிப்போகிறேன். எடை கூடிய பிள்ளைகளுக்கு அட்ரினார்க்கி முந்துகிறது. பிறக்கும்போது எடை குறைந்து, பிறகு சட்டென்று பெருத்த பிள்ளைகளிடம் அது கூடுதலாகத் தெரிகிறது என்று பார்சிலோனாவில் லூர்து இபானியெஸ் குழுவினர் 1990களில் காட்டினார்கள். அவர்களில் சிலருக்குப் பின்னாளில் சினைப்பை நீர்க்கட்டித் தொல்லையும் இன்சுலின் சிக்கலும் வருவதுண்டு. ஆகவே வாரம் நான்கு நாள் எண்ணெயில் பொரித்த சிக்கனும், புரோட்டாவும், கலர் குடிபானமும் என்றால், நிறுத்தச் சொல்வதில் தப்பில்லை. ஆனால் அப்போது குற்றம் எண்ணெயிலும் மைதாவிலும் சர்க்கரையிலும். கோழியின் தொடையில் இல்லை.

7. இதனால் என்ன கெட்டுவிட்டது, ஒரு கறிதானே என்று கேட்பவர்களுக்கு: கெட்டது நிறைய.

கூடத்துத் தீர்ப்பு வந்தபின் என் நாத்தனார் மகள் மூன்று மாதம் வீட்டில் கோழி சமைக்கவில்லை. ஆட்டுக்கறி வாங்கும் சம்பளமா அது? முட்டையும் “சூடு” என்று போயிற்று. வளர்கிற பிள்ளையின் தட்டிலிருந்த ஒரே மலிவான புரதம் போய், சோறும் ரசமும் மிஞ்சியது. இதில் இன்னொரு முரண்: அதே பிள்ளை உண்மையாகவே வயதுக்கு வரும் நாளில் பச்சை முட்டையும் நல்லெண்ணெயும் உளுந்தங்களியுமாக வாயில் திணிப்பார்கள். தேவைப்படும் வயதில் பிடுங்கிக்கொண்டு, சடங்குக்குத் திருப்பிக் கொடுக்கிறார்கள்.

இதைவிடப் பெரிய கேடு, கோழியைப் பழித்துவிட்டு நிம்மதியடைந்த குடும்பம் மருத்துவரிடம் போகாது என்பது. சீக்கிரம் முடி முளைத்த பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஒன்றுமில்லைதான். ஒரு சிலருக்கு உண்டு. பிறவியிலேயே அட்ரினலின் 21-ஹைட்ராக்சிலேஸ் என்சைம் பழுதான குழந்தைகள் அவர்கள். கார்டிசால் உண்டாக்கும் சல்லடை அடைத்துக்கொண்டது. போதாது போதாது என்று பிட்யூட்டரி ஏ.சி.டி.எச்.ஐக் கொட்டிக்கொண்டே இருக்கிறது. கொட்டியதெல்லாம் பக்கத்துச் சல்லடையில் ஆண்ட்ரோஜனாக விழுகிறது. இங்கே மட்டும் ஏ.சி.டி.எச்.தான் சவுக்கு, ஸ்ட்ரெஸ்காரர்கள் சந்தோஷப்பட்டுக்கொள்ளலாம். நோய் கடுமையாக இருந்தால், பிறந்த இரண்டாம் மூன்றாம் வாரத்தில் குழந்தை உப்பை இழந்து துவண்டு சாகும். பெண் குழந்தையின் பிறப்புறுப்பு மாறித் தெரிவதால் சிலர் அப்போதே கண்டுபிடித்துவிடுகிறார்கள். ஆண் குழந்தை வெளியே ஒழுங்காகவே தெரியும். வாந்திபேதி என்று எழுதி அடக்கம் செய்துவிடுவார்கள். மிதமான வகையில் அவசரம் இல்லை. ஐந்தாறு வயதில் முடி, பரு, திடீர் உயரம். பிறகு எலும்பு முதிர்ந்து, வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்த பிள்ளை பெரியவளானபின் எல்லோரையும்விடக் குட்டையாக நின்றுவிடும்.

அபூர்வ நோய் என்று தள்ளாதீர்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஐந்து நகரங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பச்சிளங்குழந்தைகளின் குதிகால் இரத்தத்தைச் சோதித்தது. மொத்தத்தில் 5762 குழந்தைகளுக்கு ஒன்று. சென்னையில் 2036க்கு ஒன்று. ஏன் நம் பக்கம் கூடுதல்? தாய், தகப்பன் இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்தால்தான் இந்த நோய். தமிழ்நாட்டில் நான்கில் ஒரு கல்யாணத்துக்கு மேல் சொந்தத்துக்குள். தாய்மாமனுக்கும் அத்தை மகனுக்கும் முறை பேசும் ஊரில், “வீட்டுக்குள்ள கட்டினீங்களா?” என்ற கேள்வியை விட்டுவிட்டு “பிராய்லர் சாப்பிட்டாளா?” என்று கேட்டுக்கொண்டிருக்கிறோம். முன்னது சங்கடமான கேள்வி. பின்னது யாரையும் புண்படுத்தாது, கோழியைத் தவிர.

எதைப் பார்த்தால் ஓட வேண்டும், எதைப் பார்த்தால் பொறுக்கலாம் என்பது கடினமான பாடம் அல்ல. எட்டு வயதுக்குமுன் மார்பு அரும்பினால் போக வேண்டும். ஆண்பிள்ளைக்கு ஒன்பதுக்குமுன் எந்த மாற்றம் வந்தாலும் போக வேண்டும். முடியோடு சேர்ந்து சட்டென்று உயரம் கூடினாலோ, குரல் தடித்தாலோ, பெண்குறிக் காம்பு பெரிதானாலோ, சில மாதத்துக்குள் எல்லாம் வேகமெடுத்தாலோ ஒரு வாரம்கூடத் தள்ளக் கூடாது. அட்ரினலில் கட்டியும் இப்படித்தான் தலைகாட்டும். எட்டுக்குமுன் வாடையும் நாலு முடியும் மட்டும் என்றாலும் ஒரு முறை காட்டிவிட வேண்டியதுதான். சோதனை பெரிதாக ஒன்றுமில்லை. இடது கைக்கு ஓர் எக்ஸ்ரே, எலும்பு வயது பார்க்க. காலையில் எடுத்த இரத்தத்தில் 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன், டி.எச்.ஈ.ஏ. சல்ஃபேட். என்சைம் பழுதுதான் என்றால் ஹைட்ரோகார்டிசோன் என்ற பழைய மாத்திரை, நாள் தவறாமல். நிறுத்திப் பார்க்கலாமா என்று யாரும் யோசனை சொல்லாமல் இருக்க வேண்டும்; மாத்திரையை நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து.

நாத்தனார் மகளை இழுத்துக்கொண்டு மதுரைக்குப் போனோம். பிள்ளை வழியெல்லாம் ஆண்டிபட்டிக் கணவாயில் குரங்கு எண்ணிக்கொண்டு வந்தது. எக்ஸ்ரேயில் எலும்பு வயது வயதைவிட ஏழெட்டு மாதம் கூடுதல். 17-ஹைட்ராக்ஸி ஒழுங்கு. டி.எச்.ஈ.ஏ. சல்ஃபேட் கொஞ்சம் முந்தியிருந்தது. மார்பு அரும்பவில்லை. சுரப்பி சற்று அவசரப்பட்டிருக்கிறது, வேறொன்றுமில்லை. ஆறு மாதம் கழித்து உயரம் அளந்துகொண்டு வாருங்கள் என்றார் மருத்துவர். “கோழி?” என்று கேட்டாள் தாய். அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டு, “கோழிக்கு என்ன?” என்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை வீட்டில் குழம்பு கொதித்தது. மறுநாள் கூடத்தில் இவள் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறாள். பக்கத்து முறம் பொறுமையாகக் கேட்டதாம்.

“உங்க அத்த டாக்டரா?”

“இல்ல, டீச்சரு.”

“அதான்” என்று சொல்லிவிட்டு முறத்தைத் தட்டிப் புடைத்தாளாம்.